பன்றிமூக்கனுக்கு ஒரு விலை, சாரைக்கு ஒரு விலை

போன மாசம் அக்கா பையன் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். கை அகலத்துக்கு ஒரு பாம்பு. மூக்கு மட்டும் பன்றிக்குட்டி மாதிரி மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது. யாரோ விரலால் தொட்டதும் கழுத்தைத் தட்டையாக்கி நல்லபாம்பு மாதிரி படம் எடுக்கிறது, புஸ்ஸென்று சீறுகிறது. மறுபடி தொட்டதும் மல்லாக்கப் புரண்டு, வாயைப் பிளந்து, நாக்கைத் தொங்கவிட்டுச் செத்துப்போகிறது. கீழே அவன் போட்டிருந்த வரி: "மாமா, இது ஹாக்னோஸ். பெங்களூர்ல ஒருத்தர் குடுக்கறாராம். வாங்கலாமா?"

சொன்ன விலை அவன் ஒரு மாசச் சம்பளத்துக்கு மேலே.

அவனைத் திட்ட முடியாத நிலையில் இருக்கிறேன். அவனுக்குப் பாம்புப் பைத்தியத்தை ஏற்றிவிட்டதே நான்தான். 2018ல் பள்ளிக்கூடத்துப் பையனாக இருந்தவனை மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலிக்குக் கூட்டிக்கொண்டு போய் இருளர்கள் விஷம் எடுப்பதைக் காட்டினேன். அதனால் 'வேண்டாம்' என்று ஒரு வார்த்தையில் முடிக்காமல், கொஞ்சம் படித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். படிக்கப் படிக்க அமெரிக்கப் புல்வெளியில் தொடங்கின கதை மெட்ராஸ் வழியாக எங்கள் ஊர்த் தோல் தொழிலுக்கே வந்து சேர்ந்தது. அந்தக் குறிப்புகள்தான் இது.

முதலில் அந்தப் பாம்பைப் பற்றி. ஹாக்னோஸ் என்றால் நேர் தமிழில் பன்றிமூக்கன். ஹெட்டரோடான் என்பது இனப்பெயர். கிரேக்கத்தில் 'வேறுபட்ட பல்' என்று பொருள். மேல்தாடையின் பின்பக்கம் ரெண்டு பெரிய பற்கள் இருக்கும், அதனால் அந்தப் பெயர். வட அமெரிக்காதான் சொந்த ஊர். கிழக்கத்திய வகை, சமவெளி வகை, தெற்கத்திய வகை, மெக்சிகோ வகை என்று பிரித்துச் சொல்கிறார்கள். தெற்கத்தியதற்கு லின்னேயஸ் 1766லேயே பெயர் வைத்துவிட்டார். கிழக்கத்தியதற்கு 1801ல் லத்ரேய். இன்று உலகம் முழுக்க கண்ணாடிப் பெட்டிகளில் வளர்க்கப்படுகிற சமவெளி வகைக்கு 1852ல் பேர்டும் ஜிரார்டும்.

மூக்கு அப்படித் தூக்கிக்கொண்டிருப்பது மண்ணைத் தோண்ட. மணலுக்குள் பதுங்கியிருக்கும் தேரையை வெளியே எடுத்துத் தின்ன. தேரையின் தோலில் விஷம் உண்டு. நாய் கடித்தால் நுரை தள்ளும். இந்தப் பாம்புக்கு ஒன்றும் ஆவதில்லை. அதற்கேற்ற மாதிரி உடம்பே மாறியிருக்கிறது. மற்ற பாம்புகளோடு ஒப்பிட்டால் இதன் அட்ரினல் சுரப்பி பெரியது. தேரை விஷம் போய்ப் பிடிக்கிற இடமே செல்லில் வேறு மாதிரி அமைந்திருக்கிறது. கிழக்கத்திய வகை கிட்டத்தட்ட தேரையை மட்டுமே நம்பி வாழ்கிறது. சமவெளி வகை அப்படிப் பிடிவாதம் பிடிக்காது. எலி, ஓணான், முட்டை எல்லாம் தின்னும். எந்த வகை வீட்டுக்குள் வந்தது, எது வரவில்லை என்பதற்கு முக்கால்வாசிக் காரணம் இந்தச் சாப்பாட்டு விஷயம்தான்.

அந்தப் படமெடுப்பு நாடகத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் நல்லபாம்பே கிடையாது. இல்லாத ஊரில் இது யாரைப் பார்த்துப் படமெடுக்கக் கற்றது என்று யோசித்தால் வேடிக்கையாக இருக்கும். யாரையும் பார்த்து இல்லை. உடம்பைப் பெரிதாகக் காட்டினால் எதிரி தயங்குவான், அவ்வளவுதான். வாயை மூடிக்கொண்டே கொத்துகிற மாதிரி பாய்ச்சல் காட்டும். அதுவும் பலிக்கவில்லை என்றால் செத்த வேஷம். அதில் ஒரு ஓட்டை உண்டு: மல்லாந்து கிடப்பதைப் பிடித்து நேராகத் திருப்பி வைத்தால், "நான் செத்துட்டேன்" என்று சொல்கிற மாதிரி மறுபடி மல்லாக்கப் புரண்டுவிடும். இந்த நடிப்பே அதற்கு எமனாகவும் ஆனது. பழைய அமெரிக்கக் கிராமத்து ஜனங்கள் இதைக் கொடிய விரியன் என்று நினைத்தார்கள், இதன் மூச்சு பட்டாலே ஆள் சாவான் என்று நம்பி அடித்துக் கொன்றார்கள். நம்ம ஊர்க் கொம்பேறிமூக்கன் கதைதான். கடித்துவிட்டு மரத்தில் ஏறிச் சுடுகாட்டுப் புகை வருகிறதா என்று பார்க்கும் என்று சொல்லிச் சொல்லியே, விஷமில்லாத ஒரு ஜீவனைத் தலைமுறை தலைமுறையாக அடித்தோம்.

அடித்துக் கொல்லப்பட்ட பாம்பு எப்படிச் செல்லப்பிராணி ஆனது?

1970கள், 80கள் வரை அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பாம்பு வளர்த்தவர்கள் பெரும்பாலும் காட்டிலிருந்து பிடித்து வந்ததைத்தான் வளர்த்தார்கள். பிறகு வீட்டிலேயே முட்டையிடவைக்கக் கற்றுக்கொண்டார்கள். சமவெளிப் பன்றிமூக்கன் இதற்குத் தோதான ஆள். சின்ன உருவம். ஆண் ஒன்றரை அடிக்குள் நின்றுவிடும், பெண் ரெண்டு ரெண்டரை அடி. கடிப்பது அரிது. சில மாசம் குளிரில் வைக்க வேண்டும், பத்துப் பன்னிரண்டு டிகிரியில், இருட்டில், சாப்பாடு இல்லாமல். அமெரிக்கப் பனிக்காலத்தை அலமாரிக்குள் உண்டாக்குவது மாதிரி. வெளியே எடுத்துச் சூடு காட்டினால் இணை சேரும். நான்கிலிருந்து இருபது வரை முட்டை. ஈரமான ஊடகத்தில் புதைத்து 27, 28 டிகிரியில் வைத்தால் ஏறக்குறைய ரெண்டு மாசத்தில் குஞ்சு. வேலூர் மாவட்டத்து மே மாச வெயிலில் இந்த ரெண்டு வெப்பநிலையையும் பராமரிக்க என்ன கரண்ட் பில் வரும் என்று என் அக்கா பையனைக் கேட்டேன். "ஏசி ரூம்ல வெச்சிக்கலாம் மாமா" என்றான். அவன் ரூமில் ஃபேனே சரியாக ஓடாது.

குஞ்சுகள் பல நேரம் எலிக்குட்டியைத் தொடாது. மூதாதையர் ஞாபகம், தேரை வேண்டும். வளர்ப்பவர்கள் செத்த எலிக்குட்டியின் மேல் தேரையைத் தேய்த்து வாசனை ஏற்றிக் கொடுத்து ஏமாற்றுவார்கள். சிலர் டின் மீன் தண்ணீரில் தோய்த்துக் கொடுப்பார்களாம். நாலு தடவை ஏமாந்தால் ஐந்தாவது தடவை வாசனை இல்லாமலே தின்னும்.

பிறகு நிறம். ஒரு குஞ்சு வெளிறிப் பிறந்தால், அதன் வாரிசுகளைத் தங்களுக்குள்ளேயே சேர்த்து அந்த நிறத்தை நிலைநிறுத்துவது. பட்டாணிச் செடியில் மெண்டல் பார்த்த கணக்குதான். ஆல்பினோ, சிவப்பு மஞ்சள் நிறமி இல்லாதது, திட்டுகள் குறைந்த 'அனகோண்டா' என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பேர், ஒரு விலை. பந்து மலைப்பாம்பில் ஆல்பினோ மரபாக வரும் என்று 1992ல் நிரூபணமான பிறகு இந்த வியாபாரத்துக்குத் தலைகால் புரியவில்லை.

இதைப் படித்தபோது எனக்கு அப்பா ஞாபகம் வந்தது. அவர் டேனரியில் செலக்ஷன் மேஜையில் நின்றவர். பதனிட்ட ஆட்டுத்தோலை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்து, முள் கீறல், உண்ணி கடித்த தழும்பு, கத்தி வெட்டு எல்லாம் பார்த்து ரகம் பிரிப்பார். ஒரே ஆட்டு மந்தைதான். ஆனால் ஒரு தோல் முதல் ரகம், இன்னொன்று கழிவு. 'இது தோல் இல்லடா, கடுதாசி. ஆடு எழுதுன கடுதாசி' என்பார். பாம்பு வளர்க்கிறவர்களும் உயிரோடு இருக்கிற தோலை அப்படித்தான் செலக்ஷன் செய்கிறார்கள்.

பாம்புத் தோலின் கதைக்கு வருகிறேன். எங்கள் பக்கம், அதாவது பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, வளர்ந்ததெல்லாம் ஆட்டுத் தோலிலும் மாட்டுத் தோலிலும். சுண்ணாம்பில் ஊறப்போட்டு முடி எடுத்து, ஆவாரம் பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்ட 'கிழக்கிந்தியத் தோல்' லண்டனுக்குக் கப்பல் ஏறியது. பாம்புத் தோலுக்கான சந்தை மெட்ராஸிலும் கல்கத்தாவிலும். ஒரு தோலில் ரெண்டு அடி பொருள்தான் கிடைக்கும், ஆனால் பாரீஸிலும் மிலானிலும் கைப்பை, செருப்பு, பெல்ட்டுக்கு அதற்கு மவுசு. சாரை, நல்லபாம்பு, கண்ணாடி விரியன், மலைப்பாம்பு என்று ஆண்டுக்கு லட்சக்கணக்கில் தோல்கள் இந்தியாவிலிருந்து போயின. சாரைதான் அதிகம். வயலில் எலி தின்று திரிகிற, ஆளுக்கு ஒரு கெடுதலும் செய்யாத சாரை.

பிடித்துக் கொடுத்தவர்கள் இருளர்கள். கடப்பாரை ஒன்று, ஒரு துணிப்பை. மண்ணில் கோடு மாதிரி இருக்கிற தடம், வளை வாயில் ஒட்டியிருக்கிற செதில், உரித்துப்போட்ட சட்டை, எச்சம், இவற்றைப் பார்த்தே உள்ளே என்ன பாம்பு, இருக்கிறதா போய்விட்டதா என்று சொல்வார்கள். பாம்பு பிடிப்பது அவர்களுக்குப் பழசு. ஆனால் தோலுக்காகக் கணக்கில்லாமல் பிடிப்பது வியாபாரம் கொண்டுவந்த பழக்கம். தோலை உரித்து, பலகையில் ஆணியடித்து இழுத்துக் காயவைத்து வியாபாரியிடம் கொடுத்தால் சில்லறை கிடைக்கும். கடைசி விலைக்கும் அந்தச் சில்லறைக்கும் நடுவே எத்தனை கை என்பது தோல் ஊர்க்காரனுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பச்சைத் தோல் விற்றவன் மாடி கட்டினதை எங்கள் தெருவில் யாரும் பார்த்ததில்லை.

1972ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976ல் பாம்புத் தோல் ஏற்றுமதிக்குத் தடை. நல்ல சட்டம், தேவையான தடை. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் தடை விழுந்த இடம் கைப்பை வியாபாரியின் வீடு இல்லை, இருளர் குடிசை. வியாபாரி ஆட்டுத் தோலுக்கு மாறிக்கொள்வார். நேற்று வரை வாங்கிக்கொண்டிருந்த பொருள் இன்றிலிருந்து குற்றம் என்று ஆனபோது, காட்டைத் தவிர வேறு படிப்பில்லாதவர்கள் என்ன செய்வார்கள்?

இங்கேதான் ராமுலஸ் விட்டேக்கர் வருகிறார். 1943ல் நியூயார்க்கில் பிறந்து, சின்ன வயசிலேயே இந்தியா வந்து, கொடைக்கானல் பள்ளியில் படித்தவர். 1960களில் அமெரிக்கா போய் ஃப்ளோரிடாவில் பில் ஹாஸ்ட் நடத்திய மயாமி சர்ப்பன்டேரியத்தில் வேலை பார்த்தார். ஹாஸ்ட் தன் கையால் பாம்புகளைப் பிடித்து விஷம் எடுத்து ஆய்வுக்கூடங்களுக்குக் கொடுத்த ஆள். பார்வையாளர்கள் காசு கொடுத்து அதை வேடிக்கை பார்ப்பார்கள். பாம்பைக் கொல்லாமலே பாம்பிலிருந்து சம்பாதிக்கலாம் என்ற பாடம் அங்கே இருந்தது. விட்டேக்கர் திரும்பி வந்து சேலையூரில் ஒரு சின்னப் பாம்புப் பண்ணை வைத்தார். 1972ல் அது கிண்டிக்கு மாறியது. சென்னைப் பிள்ளைகள் எல்லாரும் ஒரு தடவையாவது போய்ப் பார்த்த கிண்டி பாம்புப் பண்ணை அதுதான். 1976ல் வடநெம்மேலியில் முதலைப் பண்ணை. தோல் ஏற்றுமதி நின்றதும், அதே பிடிக்கிற திறமையை விஷத்துக்குத் திருப்பினால் என்ன என்ற யோசனையில் 1978ல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழில் கூட்டுறவுச் சங்கம் பதிவானது.

இதன் நடைமுறையை நேரில் பார்த்தவன் என்ற முறையில் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். நான்கு பாம்புகளுக்கு மட்டும் அனுமதி: நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். எத்தனை பிடிக்கலாம் என்று வனத்துறை கணக்குக் கொடுக்கும். பிடித்து வந்ததை மண்பானையில் போட்டு வாயைத் துணியால் கட்டி வைப்பார்கள். பானை மேல் விவரம். மூன்று வாரம் வைத்திருந்து நாலு தடவை விஷம் எடுப்பார்கள். கண்ணாடிக் குடுவை வாயில் ஒரு சவ்வு, பாம்பின் தலையைப் பிடித்து அதில் கடிக்க வைத்தால் மஞ்சளாக ரெண்டு சொட்டு. முடிந்ததும் வயிற்றுச் செதிலில் ஒரு அடையாள வெட்டு வெட்டிவிட்டுத் திரும்பக் காட்டில் விடுவார்கள். கொஞ்ச நாளில் மறுபடி அதே பாம்பு பையில் வந்தால், அடையாளத்தைப் பார்த்து விட்டுவிடுவார்கள். அந்த விஷம் பொடியாகி மருந்துக் கம்பெனிகளுக்குப் போய், குதிரைக்கு ஏற்றப்பட்டு, ஆஸ்பத்திரி ஃப்ரிட்ஜில் இருக்கும் பாம்புக்கடி ஊசியாகிறது. 2000லிருந்து 2019 வரை இந்தியாவில் பாம்பு கடித்து ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் செத்தார்கள் என்று ஒரு பெரிய ஆய்வு மதிப்பிட்டது. பெரும்பாலும் நம்மைப் போன்ற கிராமத்து, சிறு நகரத்து ஜனம். பேரணாம்பட்டைச் சுற்றி நிலக்கடலை போடுகிற யாரைக் கேட்டாலும் ஒரு விரியன் கதை சொல்வார்கள்.

இதற்கெல்லாம் அந்த அமெரிக்கப் பன்றிமூக்கனோடு என்ன சம்பந்தம் என்கிறீர்களா? ஃப்ளோரிடாவுக்குத் திரும்பப் போக வேண்டும்.

செல்லப்பிராணிச் சந்தைக்காக அமெரிக்கா பர்மிய மலைப்பாம்புகளை ஆயிரக்கணக்கில் இறக்குமதி செய்தது. குட்டியாக வாங்கும்போது கைக்குள் அடங்கும். அஞ்சு வருஷத்தில் பன்னிரண்டு அடி. வளர்த்தவர்கள் சதுப்பில் கொண்டு போய் விட்டார்கள், சில தப்பித்தன. 2000 வாக்கில் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் அவை இனப்பெருக்கம் செய்து நிலைத்துவிட்டன என்பது உறுதியானது. 2012ல் வந்த ஆய்வில், சாலையோரம் எண்ணிப் பார்த்த ரக்கூன்கள் 99 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தன. அப்போஸம் கிட்டத்தட்ட அதே அளவு. அதே ஆண்டு இந்தப் பாம்பின் இறக்குமதியைத் தடுத்தார்கள். பால் பொங்கி அடுப்பெல்லாம் ஓடின பிறகு.

என்ன செய்தும் பாம்பைக் கண்டுபிடிக்க முடியவில்லை. அவ்வளவு பெரிய பாம்பு புல்லில் ரெண்டடி தள்ளிக் கிடந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. 2017 ஜனவரியில் ஃப்ளோரிடா வனவிலங்கு ஆணையமும் பல்கலைக்கழகமும் தமிழ்நாட்டிலிருந்து ரெண்டு இருளர்களை வரவழைத்தார்கள். மாசி சடையன், வடிவேல் கோபால். கூட ரெண்டு மொழிபெயர்ப்பாளர்கள். மொத்தச் செலவு 68,888 டாலர் என்று அங்கே பத்திரிகைகள் எழுதின, கொஞ்சம் கிண்டலாகவும். முதல் எட்டு நாளில் 13 மலைப்பாம்பு பிடித்தார்கள். அதில் ஒன்று கீ லார்கோ தீவில் கிடைத்த 16 அடிப் பெண் பாம்பு. கிண்டல் நின்றது. 2023ல் ரெண்டு பேருக்கும் பத்மஸ்ரீ.

இதை நான் பல பேருக்குப் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். இப்போது திரும்பப் படிக்கையில் வேறு ஒன்று கண்ணில் படுகிறது. ஃப்ளோரிடாவிலிருந்து ஒரு இளைஞர் விஷமெடுக்கும் வித்தையை மெட்ராஸுக்குக் கொண்டுவந்தார். ஐம்பது வருஷம் கழித்து, அந்த வித்தையால் பிழைத்த ஜனத்தில் ரெண்டு பேர் ஃப்ளோரிடாவுக்குப் போய், அங்கே ஆசைக்கு வாங்கி வளர்த்தவர்கள் விட்டுவைத்ததைப் பொறுக்கி எடுத்தார்கள்.

ஃப்ளோரிடா மணலில்தான் தெற்கத்தியப் பன்றிமூக்கனும் இருக்கிறது. இந்த இனத்திலேயே சின்னது, அரிதானது. அலபாமா, மிசிசிப்பி மாநிலங்களில் 1980களுக்குப் பிறகு கண்ணில் படாமலே போனது. நீள இலைப் பைன் காடுகள் அழிந்ததும், வெளியிலிருந்து வந்த நெருப்பெறும்பு முட்டைகளைத் தின்பதும் காரணமாகச் சொல்லப்படுகின்றன. அரிது என்று தெரிந்தவுடன் வளர்ப்பவர்களுக்கு அதன் மேல் ஆசை. ஆனால் அதற்குத் தேரைதான் வேண்டும், எலிக்கு மாறப் பிடிவாதம். இதே மாதிரி மடகாஸ்கரில் ஒரு பெரிய பன்றிமூக்கன், தென் அமெரிக்காவில் சிவப்பு கறுப்பு வெள்ளைப் பட்டையோடு ஒன்று. இவை ஒன்றுக்கொன்று நெருங்கிய சொந்தம் இல்லை. மண் தோண்டுகிற வேலை ஒன்றாக இருந்ததால் மூக்கு ஒன்றாகிப்போனது.

மண் தோண்டுகிற மூக்கு என்றால் நம்ம ஊரிலேயே ஒன்று உண்டு. மண்ணுளி. இருதலைப் பாம்பு என்று எல்லாரும் சொல்வது. மழுங்கின வால் தலை மாதிரி இருக்கும், தலையோ ஆப்பு மாதிரி. சாது. கையில் எடுத்தால் சுருண்டு கிடக்கும். பாம்பாட்டிகள் வாலில் சூடு போட்டுக் கண் வரைந்து ரெண்டு தலை என்று காட்டிய காலம் ஒன்று. இப்போது அதுவும் மாறி, இத்தனை கிலோ இருந்தால் கோடி ரூபாய், வீட்டில் வைத்தால் யோகம், தீராத நோய்க்கு மருந்து என்று ஒரு மோசடிச் சந்தை. தமிழ்நாடு, ஆந்திரா, கர்நாடகா மூன்று மாநிலத்திலும் வனத்துறை இதற்காக ஆட்களைப் பிடித்துக்கொண்டே இருக்கிறது. எங்கள் ஊர் மூன்றுக்கும் நடுவே உட்கார்ந்திருக்கிறது. வி.கோட்டா மலைப்பாதையில் ஏறினால் ஆந்திரா, கொஞ்சம் தள்ளினால் கர்நாடகா. டீக்கடையில் 'மண்ணுளி இருக்கா, பார்ட்டி ரெடி' என்று காதில் விழாத ஆள் இங்கே குறைவு. அந்தக் கோடியை வாங்கினவனை மட்டும் யாரும் பார்த்ததில்லை. பாம்பு பட்டினியில் கோணிக்குள்ளேயே செத்துப்போகும்.

இதில் ஒரு விசித்திரம்: அந்த மண்ணுளியையே ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெட்டியில் வளர்த்துக் குட்டி எடுத்து விற்கிறார்கள். இங்கே அதை வைத்திருந்தால் ஜெயில். அவர்கள் ஊர்ப் பன்றிமூக்கனுக்கு நாம் ஆசைப்படுகிறோம், நம்ம ஊர் மண்ணுளிக்கு அவர்கள்.

இனிச் சட்டம். அக்கா பையன் கேட்டது முக்கியமாக அதைத்தான். "வெளிநாட்டுப் பாம்பு மாமா, வைல்ட்லைஃப் ஆக்ட் இதுக்கு கெடையாது, அவரே சொல்றாரு" என்றான். பாதி உண்மை. 1972 சட்டம் நம் காட்டு விலங்குகளுக்கு. நல்லபாம்போ சாரையோ வீட்டில் வைத்தால் குற்றம். வெளிநாட்டு விலங்கு விஷயத்தில் நெடுநாள் ஓட்டை இருந்தது. 2020 ஜூனில் மத்திய அரசு ஓர் அறிவிப்பு வெளியிட்டது: சர்வதேச வணிக ஒப்பந்தமான சைட்டிஸ் பட்டியலில் உள்ள வெளிநாட்டு உயிரினம் யாரிடமாவது இருந்தால், ஆறு மாசத்துக்குள் தானாக முன்வந்து சொன்னால் ஆவணம் கேட்கமாட்டோம். பிறகு 2022 திருத்தம், 2023 ஏப்ரல் 1 முதல் அமல். சைட்டிஸ் இனங்கள் சட்டத்தின் நான்காம் அட்டவணைக்குள் வந்தன. 2024 பிப்ரவரியில் பதிவு விதிகள் வந்தன, பரிவேஷ் இணையதளத்தில் ஆறு மாசத்துக்குள் பதிய வேண்டியிருந்தது.

பந்து மலைப்பாம்பு அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஹாக்னோஸ் இல்லை. அதனால் பதிவும் இல்லை. விற்கிறவர் 'லீகல்' என்று சொல்வது இந்த இடைவெளியில் நின்றுகொண்டுதான். ஆனால் அமெரிக்கப் பாம்பு இந்தியாவுக்குள் எப்படி வந்தது என்று ஒரு கேள்வி இருக்கிறதே. உயிருள்ள ஊர்வன இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட இனம். வெளிநாட்டு வணிக இயக்குநரகத்தின் உரிமம் வேண்டும், கால்நடைத் தனிமைப்படுத்தல் நிலையத்தின் அனுமதி வேண்டும். இல்லையென்றால் சுங்கச் சட்டப்படி கடத்தல். நடைமுறையில் எப்படி வருகிறது என்பதற்கு விமான நிலையச் செய்திகளைப் பார்த்தால் போதும். 2023 ஏப்ரல் 28 அன்று கோலாலம்பூரிலிருந்து சென்னைக்கு வந்த ஒரு பெண் பயணியின் பெட்டிகளில் 22 பாம்புகள், ஒரு பச்சோந்தி. அதே ஆண்டு ஜூலையில் திருச்சியில் இன்னொரு பயணியின் டிராலிப் பெட்டியில் 47 மலைப்பாம்புக் குட்டிகள், ரெண்டு பல்லி. துளை போட்ட டப்பாக்களிலும் பைகளிலும் அடைத்து, செக்-இன் சாமான்களோடு. பிடிபட்டவற்றைப் பெரும்பாலும் அடுத்த விமானத்திலேயே திருப்பி அனுப்புவார்கள். போகிற வழியில் எத்தனை உயிரோடு இருக்கும் என்று யாரும் எண்ணுவதில்லை.

"அவர்ட்ட இருக்கறது இங்கயே பொறந்ததாம் மாமா."

"அதோட அம்மா?"

கொஞ்ச நேரம் டைப்பிங் என்று காட்டியது. பிறகு நின்றுபோனது.

இங்கேயே பிறந்தது என்பது பொய்யாக இருக்க வேண்டும் என்று இல்லை. இந்தியாவில் ஏசி அறைக்குள் முட்டை பொரிக்க வைக்கிறவர்கள் இருக்கிறார்கள், ஆசையாகவும் பொறுப்பாகவும் செய்கிறவர்களும் உண்டு. கூண்டில் பிறந்த பத்தாவது தலைமுறைப் பாம்பால் அமெரிக்கப் புல்வெளிக்கு நேரடி நஷ்டமும் இல்லை. அதை நான் மறுக்கவில்லை. வளர்ப்பவர்கள் எழுதி வைத்த குறிப்புகள் இல்லாவிட்டால் இந்தப் பாம்பின் முட்டை, குஞ்சு, சாப்பாடு பற்றி நமக்கு இவ்வளவு தெரிந்திருக்காது. எனக்கு உறுத்துவது வேறு. அரிது என்பதால் விலை ஏறும்போது, பிடிக்கிற இடத்தில் நிற்கிறவன் கையில் எவ்வளவு நிற்கிறது, மாட்டிக்கொள்கிற நாளில் யார் நிற்கிறார்கள் என்பது சாரைத் தோல் காலத்திலிருந்து மாறவில்லை. பெட்டியோடு பிடிபடுவது தூக்கி வந்தவர்தான். வரவழைத்தவர் பெயர் செய்தியில் வருவதில்லை.

சொல்ல மறந்தேன். ஹாக்னோஸுக்கு விஷமே இல்லை என்று வீடியோவில் சொல்கிறார்கள். பின்பல் வழியாக லேசான ஒன்று உண்டு. மனிதனைக் கொல்லாது. ஆனால் விடாமல் மென்று கடித்ததில் கை முழங்கை வரை வீங்கியவர்களைப் பற்றி மருத்துவக் குறிப்புகள் இருக்கின்றன. ஆயுள் பதினைந்து இருபது வருஷம். அவனுக்குக் கல்யாணம் ஆகிப் பிள்ளை பத்தாவது படிக்கும்போதும் அது இருக்கும். அக்காவிடம் இதை மட்டும் சொன்னேன். அக்கா வேறு எதையும் கேட்கவில்லை, "ஊட்டுக்குள்ள பாம்பா?" என்றதோடு சரி.

இந்தக் குறிப்புகளையெல்லாம் அவனுக்கு அனுப்பினேன். படித்தானா தெரியாது. மூணு நாள் கழித்து ஒரு போட்டோ வந்தது. 2018ல் வடநெம்மேலியில் நான் எடுத்தது. பானைகள் வரிசையாக, ஒரு இருளர் பெரியவர் கண்ணாடி விரியனைக் கொக்கியில் தூக்கிக்கொண்டு நிற்கிறார். ஓரத்தில் அரை டிராயரில் இவன், வாயைப் பிளந்துகொண்டு. அன்றைக்கு அந்தப் பெரியவரிடம் இவன் "இது உங்களுதா தாத்தா?" என்று கேட்டதும், அவர் சிரித்துக்கொண்டே "மூணு வாரத்துக்கு மட்டும்" என்றதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அவனுக்கு ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டு எழுதினேன். "இருக்கு மாமா" என்று பதில் வந்தது. பெங்களூர்க்காரர் விஷயம் என்னாச்சு என்று கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை.